கணவர் கையொப்பமிட வேண்டிய இடம்

சென்ற மாதம் சுகன்யா தொலைபேசி எடுத்தாள். திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் என் உழைப்புக் காலம் முழுவதையும் கழித்த, காணி உறுதிப் பத்திரங்கள் எழுதும் நொத்தாரிசுக் கந்தோரை இப்போது நடத்துகிற இளம் சட்டத்தரணி அவள்.

“அண்ணை, ஒரு கருமுட்டைத் தான ஒப்பந்தம் வந்திருக்கு. கொழும்பு ஆஸ்பத்திரியே எல்லாத்தையும் அச்சடிச்சு அனுப்பியிருக்கு. நாங்கள் பேரை நிரப்பி, கையெழுத்தை வாங்கினாக் காணும். உங்கட காலத்தில இதை எப்பிடிச் செய்தனீங்கள்?”

“வேர்த்து வேர்த்துச் செய்தனாங்கள்” என்றேன்.

அவள் சிரித்தாள். நான் எதைச் சொன்னாலும் சிரிப்பது என்று அந்தக் கந்தோரில் ஒரு வழக்கம் உண்டு. என் மனைவியிடம் மட்டும் அந்த வழக்கம் இல்லை. ஆனால் அன்று நான் சொன்னது பகிடி அல்ல. தொலைபேசியை வைத்த பிறகு, அவளுக்குச் சொல்லாமல் விட்ட மிச்சத்தை எழுதிவைக்கலாம் என்று தோன்றியது. ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். என் பதற்றத்தை மட்டும் மாற்றவில்லை.

நான் கிளாக்கர் ஆனதில் பெரிய கதை ஏதும் இல்லை. உயர்தரப் பரீட்சை என்னைக் கைவிட்டது. அப்பா கைவிடாமல் தட்டெழுத்து வகுப்பில் சேர்த்துவிட்டார். அங்கிருந்து திலகா மிஸ்ஸின் கந்தோருக்கு வந்து சேர்ந்தேன். மூன்று வேலைகளில் நான் கெட்டிக்காரன்: உறுதி தட்டுவது, முத்திரை ஒட்டுவது, பதறுவது. மூன்றாவதற்கு மட்டும் யாரிடமும் பயிற்சி எடுக்கவில்லை. முழங்கால் கேட்டுக்கொண்டதால் கொஞ்சம் முன்னதாகவே ஓய்வு எடுத்துக்கொண்டவன். கிழவன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

திலகா மிஸ் சட்டத்தரணியும் நொத்தாரிசும். கலியாணம் செய்யாதவர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. உயர்த்தியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் இருந்திருக்காது. உறுதியில் கையெழுத்து வாங்குமுன் அதை வாசித்து விளக்க வேண்டும் என்பது நொத்தாரிசுகளுக்குரிய விதி. பலர் அதை மழைக்கு ஓடுகிறவர் போல வாசிப்பார்கள். மிஸ் அப்படி இல்லை. “நடேசன், ஃபானை நிப்பாட்டும்” என்பார். சத்தத்தில் கேட்கவில்லை என்று பிறகு யாரும் சொல்லக் கூடாது. திருகோணமலை வெயிலில், மூடிய அறையில், ஆறு பேர் வியர்த்து வழிய, ஒரு சொல் விடாமல் வாசிப்பார். முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி, “இப்ப நீங்கள் எனக்குச் சொல்லுங்கோ, இதில என்ன இருக்கு?” என்பார். கையெழுத்து வைக்க வந்தவர் தன் வாயால், தன் சொல்லில், அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

சல்லிக் கிராமத்திலிருந்து ஒரு பெரியவர் வீட்டு வளவை மருமகனுக்கு நன்கொடை எழுத வந்தார். அவரிடமும் மிஸ் அதையே கேட்டார்.

“மருமோன் நாளைக்கு என்னைப் படலைக்கு வெளியில விட்டாலும் நான் வாய் திறக்க ஏலாது எண்டு இருக்கு” என்றார் பெரியவர்.

“சரியா விளங்கியிருக்கு. கையெழுத்து வைக்கிறீங்களோ?”

பெரியவர் மருமகனைப் பார்த்தார். மருமகன் கூரையைப் பார்த்தார். மிஸ் பேனாவை மூடினார். அந்த உறுதி என் மேசை லாச்சியில் கனகாலம் கிடந்தது.

இனி சொல்ல வந்த விஷயம்.

அரசும் இயக்கமும் சண்டையை நிறுத்திவைத்திருந்த காலம் அது. முடிந்த காலம் அல்ல. விரிகுடாவைக் கடந்து மூதூருக்குப் போகும் லாஞ்ச் ஓடியது. சோதனைச் சாவடிகள் இருந்த இடத்தில்தான் இருந்தன. ஆனால் அங்கே நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எவ்வளவு நாளைக்கு என்று தெரியாததால், கலியாணம், காணி, கொழும்பு வைத்தியம் என்று நிலுவையில் கிடந்ததையெல்லாம் சனம் அவசரமாக முடித்துக்கொண்டிருந்தது.

அப்படி வந்தவர்கள்தான் தவராசாவும் பரமேஸ்வரியும். தவராசாவுக்குத் துறைமுகத்தில் கிரேன் இயக்குகிற வேலை. எவ்வளவு பாரத்தையும் ஆடாமல் இறக்கிவைக்கிற மனிதர், எங்கள் கந்தோர்க் கதிரையின் நுனியில் இருந்து ஆடிக்கொண்டிருந்தார். பரமேஸ்வரிக்குத் தபால் கந்தோரில் உத்தியோகம். அவர்தான் கதைத்தார்.

“மிஸ், எனக்கு நாப்பத்தொண்டு. என்ர முட்டை இனிச் சரிவராதாம். தங்கச்சி தாறன் எண்டு சொல்லுறாள். அதை எடுத்து இவரின்ரையோட சேத்து எனக்குள்ள வைக்கலாமாம். ரெண்டு பகுதியும் எழுத்தில தந்தாத்தான் தொடங்குவம் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். இன்னும் பிந்தினா என்ர உடம்பு தாங்காதாம். எனக்கு வேற தங்கச்சியும் இல்லை.”

இவ்வளவையும் கேட்டுக்கொண்டு நான் அடுத்த மேசையில் இருந்தேன். இருந்தேன் என்பது பொய். எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்து அதற்குள் தலையை விட்டிருந்தேன்.

“நடேசன், அலுமாரிக்குள்ள என்ன தேடுறீர்?”

“முத்திரை, மிஸ்.”

“முத்திரை உம்மட மேசையில கிடக்கு. வந்து குறிப்பெடும்.”

இதற்கென்று நாட்டில் சட்டம் இல்லை என்று மிஸ் அவர்களுக்கு விளக்கினார். வயிற்றில் சுமந்து பெற்றவளைத்தான் பிறப்புப் பதிவு தாய் என்று எழுதும்; முட்டை யாருடையது என்று பதிவாளர் கேட்கப்போவதில்லை. அதனால் நாளைக்குப் பிணக்கு வந்தால் கையில் இருக்கப்போவது இந்த ஒப்பந்தம் மட்டும்தான். “மாதிரி ஒண்டும் எங்களிட்ட இல்லை. நாங்களேதான் யோசிச்சு எழுதவேணும்” என்றவர் என் பக்கம் திரும்பி, “முதல் வரைவை நீர் தட்டும்” என்றார்.

இப்படிப்பட்ட நேரங்களில் மற்றவர்களுக்கு மூளை வேலை செய்யும். எனக்கு விரல்கள் வேலை செய்யும். தெரிந்த பத்திரங்களுக்குள் இதற்குக் கிட்டவாக இருந்தது காணி நன்கொடை உறுதிதான். அதை எடுத்துவைத்துக்கொண்டு தட்டினேன். கருமுட்டை என்ற சொல்லைத் தட்ட எனக்குக் கூச்சம். அந்த இடமெல்லாம் ‘மேற்படி ஆதனம்’ என்று போட்டேன். வரைவை மிஸ் கடைசிப் பக்கம் வரை அமைதியாக வாசித்தார்.

“நடேசன், வடக்கெல்லை ஆருடையது?”

“அது... விடுபட்டுப் போச்சு, மிஸ்.”

“வழிவாய்க்கால் உரிமையும் குடுத்திருக்கிறீர். கிணத்தில பங்கில்லையோ?”

கிணற்றுப் பங்கும் மூன்றாம் பக்கத்தில் இருந்தது. அதை அவர் கண்டது அடுத்த நிமிடத்தில்.

பிறகு மிஸ் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். அந்த வரைவை இன்றைக்கும் என்னால் மனப்பாடமாகச் சொல்ல முடியும். கொடுப்பவள் விலைக்கு விற்கவில்லை. எடுக்கும் நிமிடம் வரை அவள் மனம் மாறலாம்; காரணம் சொல்லத் தேவையில்லை. எடுத்தபின் அவளுக்கு உரிமையும் இல்லை, கடமையும் இல்லை. வைத்தியத்தால் அவளுக்கு வருத்தம் ஏதும் வந்தால் பார்க்க வேண்டியது மற்றப் பகுதி. பிறக்கும் பிள்ளை எப்படிப் பிறந்தாலும் அது தவராசா, பரமேஸ்வரியின் பிள்ளை. அவர்கள் பிரிந்தாலும் அப்படியே.

“நாங்கள் பிரியமாட்டம், மிஸ்” என்றார் தவராசா, மனம் நொந்து.

“நல்லது. அப்ப இந்த வரியால உங்களுக்கு ஒரு நட்டமும் இல்லை. அடுத்தது: பிள்ளைக்கு இதைச் சொல்லுறதோ இல்லையோ, எப்ப சொல்லுறது?”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அதை யோசித்திருக்கவில்லை. பெற்றார்தான் தீர்மானிக்க வேண்டும், கொடுத்தவள் தானாகச் சொல்லக் கூடாது என்று மிஸ் எழுதவைத்தார்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஆஸ்பத்திரி அனுப்பிய ஒரு பக்கப் படிவம் ஒன்று இருந்தது. கொடுப்பவளின் கணவர் சம்மதித்துக் கையொப்பமிட ஓர் இடம். அதற்குக் கீழே: ‘விதவையாயின் மரணச் சான்றிதழ் இணைக்கவும்.’ இந்த இரண்டில் ஒன்று நிரம்பாவிட்டால் வைத்தியம் தொடங்காது.

தங்கச்சி கமலா மூதூருக்கும் அப்பால், இயக்கத்தின் பக்கம் இருந்த இலங்கைத்துறையில் வாழ்க்கைப்பட்டவள். இரண்டு பிள்ளைகள். கணவன் யோகநாதன் கடற்தொழில் செய்பவன். சண்டை நிற்பதற்கு முந்தைய வருடம், ஒரு காலை, வலைக்கு நூல் வாங்கத் திருகோணமலை டவுனுக்கு வந்தவன். லாஞ்சால் இறங்கியதைக் கண்டவர்கள் உண்டு. அதற்குப் பிறகு கண்டவர்கள் இல்லை. இதைப் பரமேஸ்வரி சொன்னபோது நான் குறிப்பெடுத்தேன். தெருவுக்கு ஒருவர் அப்படிக் காணாமல் போயிருந்த காலம். அவர்களின் மனைவிமார் எங்கள் கந்தோருக்கு வருவார்கள். மரணச் சான்றிதழுக்கும் நட்டஈட்டுக்கும் விண்ணப்பம் தட்டிக் கொடுப்பேன். அப்படித் தட்டித் தட்டி, அந்தப் பக்கத்துப் பெண்ணின் பெயருக்கு முன்னால் என் விரல்கள் தாமாகவே ஒரு சொல்லைப் போடப் பழகியிருந்தன. ஆட்களின் விவரம் வரும் முதல் பந்தியை மிஸ் சொல்லாமல், குறிப்பைப் பார்த்து நான் தனியாகத்தான் தட்டினேன்.

கையெழுத்து நாள் வந்தது. சாட்சிக்கு வழமையாக வருகிற எதிர்க்கடை முதலாளியை மிஸ் கூப்பிடவில்லை; அவருக்குச் சொல்வதும் வானொலியில் சொல்வதும் ஒன்று. வாய் திறக்காத இரண்டு பெண்களைக் கூப்பிட்டிருந்தார். கமலா காலை லாஞ்சில் வந்து சேர்ந்தாள். மெலிந்த பெண், நெற்றியில் பொட்டு. தேத்தண்ணி கொடுத்தபோது, “வேண்டாம் தம்பி, முதல்ல வேலையைப் பாப்பம்” என்றாள். அவளைவிட எனக்கு வயது கூட. என் முகத்தில் அது தெரியவில்லை போலும்.

ஃபானை நிறுத்தினேன். மிஸ் வாசிக்கத் தொடங்கினார். “இலங்கைத்துறையில் வசிப்பவரும், யோகநாதனின் விதவையுமான கமலா என்பவர்...”

“நிப்பாட்டுங்கோ, மிஸ்.”

மிஸ் நிறுத்தினார்.

“ஆர் சொன்னது நான் விதவை எண்டு?”

அறையில் இருந்த எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் முத்திரை மைப்பெட்டியைப் பார்த்தேன். அது என் முழங்கை பட்டுக் கீழே விழுந்தது.

“அது... வழக்கமா... அந்தப் பக்கத்து ஆக்களுக்கு...”

“வழக்கமாவோ?”

“கமலா” என்றார் பரமேஸ்வரி, மெதுவாக. “ஒரு கடதாசிதானேடி. எங்களுக்குத் தெரியும்தானே. கிராம சேவகரிட்ட போனா சான்றிதழும் எடுக்கலாமாம்.”

“அக்கா, உனக்கு இது ஒரு கடதாசி. என்னட்ட எத்தினை கடதாசி கிடக்கெண்டு தெரியுமோ? அவரைத் தேடித் தாங்கோ எண்டு நான் ஏறி இறங்காத கந்தோர் இல்லை. எல்லாத்திலயும் மனைவி எண்டுதான் கையெழுத்து வைச்சிருக்கிறன். இதில ஒண்டில விதவை எண்டு வைச்சா, ‘சரி, இவவே ஒத்துக்கொண்டிட்டா’ எண்டு மற்றவங்கள் தேடுறதை விட்டிடுவாங்கள். என்ர உடம்பில இருந்து என்ன வேணுமெண்டாலும் எடு. அவரை எடுக்க நான் விடமாட்டன்.”

பரமேஸ்வரி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். கோபமா அழுகையா என்று தெரியவில்லை. “அப்ப இது நடக்காது” என்று மட்டும் சொன்னார். தவராசா எழும்பி நின்று, போகலாம் என்பது போல் கையைக் காட்டினார். கமலா தமக்கையின் பக்கம் திரும்பவே இல்லை. கன்னத்தில் நீர் ஓடிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை.

நான் மைப்பெட்டியைப் பொறுக்குகிற சாட்டில் மேசைக்குக் கீழே போய்விட்டேன். வெளியே வருவதாக உத்தேசம் இல்லை.

“எல்லாரும் இருங்கோ” என்றார் மிஸ். “நடேசன், மேல வாரும். கமலா, பிழை உம்மில இல்லை. இந்தப் படிவம் எழுதின ஆக்களுக்கு ஒண்டில் புருசன் இருப்பார், இல்லாட்டிச் செத்திருப்பார். எங்கட பக்கம் வந்து பாத்திருக்க மாட்டினம்.”

அப்போதே கொழும்புக்கு அழைப்பெடுத்தார். ஆஸ்பத்திரியின் சட்டத்தரணியோடு ஆங்கிலத்தில் கதைத்தார். எனக்கு அரைவாசி விளங்கியது. இரண்டு வழிதான், மூன்றாவது வழி இல்லை என்று அவர் சொல்லியிருக்க வேண்டும். மிஸ் கேட்டார்: “எதற்குப் பயப்படுகிறீர்கள்?” கணவர் திரும்பி வந்து வழக்குப் போட்டால் என்ன செய்வது என்றார் அவர்.

“திரும்பி வந்து வழக்குப் போட்டால்,” என்றார் மிஸ், அதே தாழ்ந்த குரலில், “அதைவிட நல்ல செய்தி எங்களுக்கு இருக்க முடியாது. முதல் ஆளாக நானே வந்து உங்களுக்கு எதிராக நிற்பேன்.”

மறுமுனையில் சிரிப்பு இல்லை. யோசித்துச் சொல்வதாக வைத்துவிட்டார். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியும், நடந்ததைச் சத்தியம் பண்ணிச் சொல்லும் கடதாசி ஒன்றும், கணவரால் வரக்கூடிய பிரச்சினைக்குக் கொடையாளியே பொறுப்பு என்ற வாக்கும் இருந்தால் மேலிடத்தில் கேட்டுப் பார்க்கலாமாம்.

அந்தச் சத்தியக் கடதாசியை அன்றே எழுதினோம். மிஸ்ஸிடம் நான் கற்ற தொழிலெல்லாம் அந்த ஒரு மணித்தியாலத்தில் இருந்தது என்றுகூடச் சொல்வேன்.

“அவர் வீட்டிலிருந்து வெளிக்கிட்டதை நீர் கண்டனீரோ?”

“ஓம் மிஸ். நீலச் சாரமும் வெள்ளைச் சேட்டும்.”

“லாஞ்சில ஏறினதை?”

“இல்லை. நான் வீட்டில. மச்சான் ஏத்திவிட்டவர்.”

“அப்ப ‘ஏறினார் என அறிந்தேன்’ எண்டு எழுதும், நடேசன். டவுனில இறங்கினதைக் கண்டது ஆர்?”

“சந்தைக்கு வந்த ரெண்டு பேர்.”

“அவையின்ர பேரைப் போடும். பிறகு?”

“பிறகு அவரைப் பிடிச்சுக்கொண்டு...”

“அதை நீர் கண்டனீரோ?”

“இல்லை.”

“அப்ப அது வேண்டாம். உமக்குத் தெரிஞ்சது மட்டும். ‘இன்றுவரை வீடு திரும்பவில்லை. நான் அவரது சட்டபூர்வமான மனைவி.’ முடிஞ்சுது.”

கடத்தப்பட்டார் என்றும் இல்லை, இறந்தார் என்றும் இல்லை. இன்னொன்றையும் மிஸ் சொன்னார்: இந்தக் கடதாசியில் முட்டையைப் பற்றி ஒரு சொல்லும் வரக் கூடாது. அது தமக்கையின் விஷயம், இது தங்கச்சியின் விஷயம்; இரண்டும் தனித்தனியாக நிற்க வேண்டும்.

கமலா பின்னேர லாஞ்சில் போய்விட்டாள். கொழும்பிலிருந்து ‘சரி’ என்று பதில் வந்தபோது, அந்தப் பக்கத்தில் ஏதோ துவக்குச் சூடு விழுந்து வீதிக் கெடுபிடி இறுகியிருந்தது. கமலாவால் மூதூர் வரைதான் வர முடியும், டவுனுக்கு வர விடுவார்களோ தெரியாது என்று செய்தி. “அப்ப நாங்கள் போவம்” என்றார் மிஸ். இலகுவாகச் சொன்னார். இரண்டு சாட்சிகள், தவராசா, பரமேஸ்வரி, மிஸ், பத்திரப் பையைத் தூக்கிக்கொண்டு நான்.

இறங்குதுறைச் சாவடியில் நின்ற கடற்படைப் பெடியன் என் பையைக் காட்டி, “மே மொகத?”, இது என்ன, என்றான். என் சிங்களம் கந்தோர்ச் சிங்களம். திகதியும் முகவரியும் கேட்கப் போதும். பதற்றத்தில் அது பெருகி ஓடியது. அக்காவுக்குப் பிள்ளை இல்லை, தங்கச்சி முட்டை கொடுக்கிறாள், கொழும்பு டொக்டர், இது கடதாசி, குண்டு இல்லை. குண்டு இல்லை என்பதை யாரும் கேட்கவில்லை. அவன் துவக்கைச் சரியாகப் பிடித்துக்கொண்டு என்னை ஒரு தரம், பரமேஸ்வரியை ஒரு தரம் பார்த்தான். பையை மேலால் கிளறிவிட்டுத் திருப்பித் தந்தான். பிறகு, மற்றவனுக்குக் கேட்காத குரலில், தன் அக்காவுக்கும் எட்டு வருடமாகப் பிள்ளை இல்லை, அந்த ஆஸ்பத்திரி எது என்று கேட்டான். பரமேஸ்வரி முன்னுக்கு வந்து சொன்னார். அவன் தன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டான்.

லாஞ்சில் ஏறியதும் மிஸ் சொன்னார்: “அந்தரங்கம் காக்கப்படும் எண்டு ஒப்பந்தத்தில ஒரு பந்தி இருக்கு, நடேசன். அதைத் தட்டினது நீர்தான்.”

மூதூரில் தவராசாவோடு வேலைசெய்கிற ஒரு முஸ்லிம் நண்பரின் வீட்டு முன்னறையைத் தந்திருந்தார்கள். வீட்டுக்காரர்கள் குசினிப் பக்கம் ஒதுங்கிக்கொண்டார்கள். கமலா முதலே வந்து காத்திருந்தாள். சத்தியக் கடதாசியில் மிஸ் முன்னிலையில் கையெழுத்து வைத்தாள். பிறகு ஒப்பந்தம். அன்றைக்கு மின்சாரமும் இல்லை. நிறுத்துவதற்கு ஃபான் இல்லாமல் மிஸ் கொஞ்சம் தடுமாறினார் என்று எனக்குப் பட்டது. கமலா, யோகநாதனின் மனைவி என்று தொடங்கி, கடைசி வரி வரை வாசித்தார்.

“இப்ப நீங்கள் சொல்லுங்கோ” என்று முதலில் பரமேஸ்வரியிடம் கேட்டார்.

“பிள்ளை எங்கட. என்ன நடந்தாலும் எங்கட. தங்கச்சிக்கு எந்தக் கஷ்டம் வந்தாலும் நாங்கள் பாக்கவேணும். செத்தாலும் நன்றி மறக்கக் கூடாது.”

“கடைசியாச் சொன்னது இதில இல்லை.”

“இல்லையோ? இருக்கத்தானே வேணும், மிஸ்!”

“விடு அக்கா” என்றாள் கமலா. “அதையும் சேக்கப் போனா இந்தத் தம்பி திரும்ப மைப்பெட்டியை விழுத்தும்.”

முதல் தடவையாகச் சிரித்தார்கள், தமக்கையும் தங்கச்சியும். அன்றிலிருந்து என் மைப்பெட்டியை நான் பெருமையாகத்தான் நினைக்கிறேன்.

கமலாவின் முறை. ஒவ்வொன்றாகச் சரியாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். பிள்ளை தன்னுடையது இல்லை. தான் சித்தி. கேட்டால்கூடப் பிள்ளைக்குத் தானாகச் சொல்லக் கூடாது. பிறகு, கொழும்பு கேட்ட பந்திக்கு வந்தாள். மிஸ் அதை நல்ல சட்டத் தமிழில் எழுதியிருந்தார்: ‘கொடையாளியின் கணவரால் எதிர்காலத்தில் எழுப்பப்படக்கூடிய ஆட்சேபனைகள் யாவற்றுக்கும் கொடையாளியே பொறுப்பேற்பார்.’

“அவர் வந்தா, நடந்ததை வேற ஆரும் சொல்லக் கூடாது, நான்தான் அவருக்குச் சொல்லவேணும் எண்டு இருக்கு” என்றாள் கமலா.

அப்படி அதில் இருக்கவில்லை. நான் வாயைத் திறந்தேன். மிஸ் கையைக் காட்டி நிறுத்தினார். கண்ணாடியைப் போட்டு அந்த வரியை மறுபடி வாசித்தார்.

“நான் எழுதினதைவிட இது நல்லாயிருக்கு” என்றார். “நடேசன், இதை வெட்டி, அவ சொன்னதை எழுதும்.”

உறுதியில் வெட்டுக்கொத்து மிஸ்ஸுக்கு ஆகாது. ஒரு எழுத்துப் பிழைத்தாலும் முழுப் பக்கத்தையும் திரும்பத் தட்டவைப்பவர். எந்தப் பக்கம், எந்த வரி, எந்தச் சொல் வெட்டி எந்தச் சொல் எழுதப்பட்டது என்று நொத்தாரிசு தன் அத்தாட்சியில் குறிக்க வேண்டும்; அது தன் கவனக் குறைவுக்குத் தானே கொடுக்கும் சான்றிதழ் என்பார். அன்று தன் வரியைத் தானே வெட்டவைத்து, என் கையெழுத்தில் அதை எழுதவைத்து, எல்லாரையும் ஓரத்தில் கையொப்பமிடச் செய்தார். ‘என் கணவர் யோகநாதன் வீடு திரும்பும்போது இதை அவருக்கு நானே சொல்வேன்.’ எழுத்துகள் வரிசையில் நிற்கவில்லை. அது பதற்றம்தானா என்று கேட்டால், எனக்குச் சொல்லத் தெரியாது.

கொழும்புச் சட்டத்தரணி அந்த வரியை மறுக்கவில்லை. ஏன் மறுக்கவில்லை என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கமலா பிள்ளைகளை மாமியிடம் விட்டுவிட்டுத் தமக்கையோடு கொழும்பு போய் வந்தாள். முதல் தரம் கரு தங்கவில்லை. இரண்டாம் தரம் தங்கியது. பெண் பிள்ளை. பிறந்த செய்தியைத் தவராசா கந்தோருக்கு வந்து சொன்னபோது, துறைமுகத்தின் மறுபக்கத்தில் செல் குண்டு விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. லாஞ்ச் நின்றுவிட்டது. அந்தப் பக்கத்துச் சனம் ஊர் ஊராக நடந்து இடம்பெயர்ந்துகொண்டிருந்தது. பிள்ளை பிறந்ததைக் கமலாவுக்குச் சொல்ல வழி இருக்கவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் அவள் உயிரோடு இருக்கிறாளா என்றே தெரியவில்லை. பரமேஸ்வரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கந்தோருக்கு வந்து, “ஏதாவது கேள்விப்பட்டனீங்களோ, மிஸ்?” என்று கேட்பார். விதவை என்று எழுதவிடாமல் தங்கச்சி அன்று சொன்னதன் அர்த்தம் தனக்கு இப்போதுதான் விளங்குகிறது என்று ஒருநாள் சொன்னார்.

அகதி முகாமிலிருந்து விடுபட்டு, ஒருநாள் கமலாவே வந்தாள். பிள்ளைகள் இரண்டும் உயிரோடு. அக்கா வீட்டில் இருப்பதாகவும், அக்காவின் சின்னவள் தன்னைச் சித்தி என்று கூப்பிடுவதாகவும் சொன்னாள். இடம்பெயரும்போது மழைக்குள் எல்லாக் கடதாசியும் போய்விட்டதாம்.

“முகாமில பதியேக்க விதவை எண்டு எழுதிப்போட்டாங்கள், மிஸ். நான் இல்லை எண்டன். அப்ப மனைவி எண்டதுக்குக் கடதாசி காட்டு எண்டாங்கள். காணாமப்போன ஆக்களைத் தேடுற கந்தோரிலயும் அதைத்தான் கேக்கிறாங்கள், புதுசாப் பதியவேணுமாம். உங்களிட்ட ஒண்டு கிடக்கும்தானே?”

கிடந்தது. சத்தியக் கடதாசியை மட்டும் எடுத்துப் பிரதி செய்தேன். மிஸ் உறுதிப்படுத்திக் கையொப்பமிட்டார். கமலா அதை எழுத்தெழுத்தாக வாசித்தாள். நீலச் சாரம், வெள்ளைச் சேட், இரண்டு சாட்சிகள், மனைவி.

“மற்றது வெளியில போகாது, கமலா. அது பிள்ளையின்ர விசயம்” என்றார் மிஸ்.

“தெரியும் மிஸ். அதில நான் சொன்ன ஒரு வரி இருக்கு. இன்னும் நான் அவருக்குச் சொல்லேல்லை. இவ்வளவு காலம் போனாப் பிறகு அது செல்லாமப் போயிடுமோ?”

மிஸ் கண்ணாடியைக் கழற்றினார். “அதுக்கு நாங்கள் காலக்கெடு போடேல்லை” என்றார். “அவர் வரும் மட்டும் செல்லும்.”

“அப்ப சரி. அவர் முதல்ல கோவிப்பார். என்னைக் கேளாமல் ஏன் செய்தனீ எண்டு கேப்பார். ரெண்டு நாளைக்குக் கதைக்கமாட்டார். பிறகு, பிள்ளையை ஒருக்காக் காட்டு எண்டுவார்.”

“நீர் என்ன சொல்லுவீர்?” என்று கேட்டார் மிஸ்.

“அக்காவுக்கு என்னை விட்டா வேற ஆர் இருந்தது எண்டு கேப்பன்.”

நான் பிரதியை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் கொடுத்தேன். தேடுகிற கந்தோர் மத்தியானத்தோடு பூட்டிவிடும் என்று சொல்லி, உறையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, கமலா ஓர்ஸ் ஹில் இறக்கத்தில் வேகமாக நடந்து போனாள்.